நான்கில் ஒன்று என்பது ஒவ்வொரு குட்டிக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாய்க்குட்டிகளின் நிறத்தை முன்கூட்டியே கணிப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். தாய், தகப்பன் மரபணுக்கள் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் புன்னட் கட்டம் போட்டு விளக்கியது வரை எல்லாம் சரி. கடைசியில் ‘நான்கு குட்டி போட்டால் ஒன்று மஞ்சளாக இருக்கும்’ என்று முடித்திருந்ததுதான் உறுத்தியது.

மஞ்சள் நிறத்துக்கான மரபணுவை மறைவாகச் சுமக்கும் இரண்டு கறுப்பு லாப்ரடார்களைச் சேர்த்தால், ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக நான்கில் ஒரு வாய்ப்பு. முதல் மூன்றும் கறுப்பாகப் பிறந்ததால் நான்காவதற்கு வாய்ப்பு கூடிவிடாது. நான்கில் ஒன்றுகூட மஞ்சளாக இல்லாமல் போக எவ்வளவு வாய்ப்பு? நான்கு முக்கால்களைப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 32 சதவீதம் வரும். எட்டுக் குட்டி போட்டாலும் 10 சதவீதம் இருக்கிறது.

நிறத்தோடு போகிற விஷயம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். இதே லாப்ரடாரில், விழித்திரை மெல்லச் சிதைந்து பார்வை போகும் நோய் ஒன்றும் இப்படி ஒடுங்கு பண்பாகவே, அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் பண்பாகவே, இறங்குகிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் கண் நன்றாகத் தெரியும். குட்டியும் வளர்ந்த பிறகுதான் தடுமாறத் தொடங்கும், அதற்குள் அதுவே ஓர் ஈற்று போட்டிருக்கலாம். ‘போன ஈற்றில் நான்கும் நன்றாக இருக்கின்றன, எங்கள் நாயிடம் குறையே இல்லை’ என்று அதே ஜோடியை மறுபடி சேர்ப்பவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

மறைந்திருப்பதைக் கண்டறியச் சோதனைக் கலப்பு என்ற பழைய வழி உண்டு. சந்தேகமான கறுப்பு நாயை மஞ்சள் நாயோடு சேர்ப்பார்கள். ஒரே ஒரு மஞ்சள் குட்டி பிறந்தாலும் கேள்வி தீர்ந்தது. மஞ்சள் மரபணுவைச் சுமக்கும் நாயாக இருந்தால், இந்தக் கலப்பில் ஒவ்வொரு குட்டியும் மஞ்சளாக இரண்டில் ஒரு வாய்ப்பு; அப்படியிருந்தும் ஏழும் கறுப்பாகவே பிறப்பது 128இல் ஒரு முறைதான். நிறத்துக்கு இது போதும். நோய்க்கு ஆகவே ஆகாது. விடை தெரிந்துகொள்வதற்காகப் பார்வை இழக்கப்போகும் குட்டிகளைப் பிறக்க வைப்பதா? கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து டிஎன்ஏ சோதனை செய்தாலே தெரிந்துவிடும். அப்புறம், சுமக்கும் நாயை ஒதுக்கவும் தேவையில்லை. அந்த மரபணு இல்லாத நாயோடு சேர்த்தால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது.

கட்டுரையின் அந்த ஒரு வரியை மட்டும் ‘ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு’ என்று திருத்தி அடுத்த இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாய் வளர்க்கும் வாசகர்