கோரோவின் ஏரியைப் பிரதி எடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

'மோர்த்ஃபோந்தேனின் நினைவு' ஓவியத்தை நீ பிரதி எடுத்து அனுப்பியதைப் பார்த்தேன். வலப்பக்கப் பெரிய மரம், இடப்பக்க ஒல்லி மரம், அதனடியில் பெண்ணும் இரண்டு குழந்தைகளும், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஏரியில் மட்டும் அமைதி வரவில்லை. டியூபிலிருந்து பிதுக்கிய பச்சையை அப்படியே பூசியிருக்கிறாய். அதுதான் கெடுத்துவிட்டது.

பிரெஞ்சு ஓவியர் கமீல் கோரோ இதை 1864இல் வரைந்தார். அந்த வருட சலோனிலேயே, அதாவது பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியிலேயே, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வாங்கினார், இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலைப்பிலேயே 'நினைவு' என்று சொல்லிவிட்டார், கவனி. மோர்த்ஃபோந்தேன் ஊரின் ஏரிக்கரையில் உட்கார்ந்து வரைந்ததல்ல, ஸ்டூடியோவில் மனதிலிருந்து வரைந்தது. அதனால் இலை இலையாகத் தேடாதே.

மூலம் 65க்கு 89 செ.மீ. உன் 12க்கு 16 அங்குலப் பலகையில் மேலே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டால் விகிதம் சரியாக வரும். நீ விடாததால் மரம் நெட்டையாகிவிட்டது.

பச்சை டியூபை மூடி வை. அல்ட்ராமரைன் நீலம், எல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள், ரா அம்பர் என்ற மண் பழுப்பு, வெள்ளை, இந்த நான்கு போதும். நீலமும் ஆக்கரும் சேர்ந்தால் மங்கலான சாம்பல் பச்சை வரும், இந்தப் படத்துக்கு வேண்டியது அதுதான். கோரோ காலத்தில் ஈய வெள்ளை. நம் கையில் இருப்பது டைட்டேனியம், அதைவிடக் குளிர்ச்சியானது, வேகமாக மூடிவிடும். அள்ளிப் போட்டால் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகும். ஒவ்வொரு குவியலிலும் துளி ஆக்கர் கலந்துகொள்.

முதலில் அம்பரை டர்பென்டைனில் கரைத்து, எண்ணெய் சேர்க்காமல், கருமையான பகுதிகளை மட்டும் போடு. அது காய்ந்ததும் வானத்துக்கு ஒரு பெரிய குவியல் கலக்கு. அதே குவியலில் கொஞ்சம் அம்பர் சேர்த்தால் தண்ணீரின் நிறம் வரும். தனியாகக் கலந்தால் ஏரி வானத்தோடு ஒட்டாது. தூரத்துக் கரையின் டோன், அதாவது வெளுப்பு கருமை அளவு, வானத்தைவிட ஒரே ஒரு படி கருமை, அதற்கு மேல் வேண்டாம். கரையும் நீரும் சேரும் இடத்தில், சாயம் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த பிரஷை ஒரே தடவை கிடையாக இழு. இரண்டாம் தடவை இழுத்தால் சேறாகிவிடும்.

இலைத் திரளை, துணியில் துடைத்த பிரஷால் லேசாகத் தேய்த்து வை. ஓரங்கள் கலங்கியே இருக்கட்டும். கோரோவிடம் நிறைய புகைப்படங்கள் இருந்தன. அந்தக் காலக் கேமராவில் காற்றில் ஆடும் இலை இப்படித்தான் கலைந்து விழும். இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்துண்டுகளைக் கடைசியில் வை, வானத்தைவிடக் கொஞ்சம் மங்கலாக. நீ அதே வெளுப்பில் வைத்ததால் மரத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கிறது.

ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக் கருப்பு வெள்ளையாக்கி மூலத்தோடு ஒப்பிட்டுப் பார். டோன் அதில் ஒத்துப்போனால் நிறம் கொஞ்சம் பிசகினாலும் அமைதி நிற்கும்.

முன்தரைப் பூக்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. அவற்றை வைப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்