குழந்தை ஒரு முறை சொன்னால் போதும் என்று சட்டம் செய்யுங்கள்

தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்) வழக்குகளில் குழந்தைக்குத் துணையாக ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று போய்வருபவள் எழுதுகிறேன். குழந்தைகள் மீதான கொடுமையை எல்லாத் துறைகளும் ஒரே குழுவாகச் சேர்ந்து விசாரிக்க வேண்டும் என்று நீங்கள் சட்டம் கொண்டுவர வேண்டும்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அக்கறையோடு எழுதப்பட்டது. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது பிரிவு 24. போலீஸ் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் தர வேண்டும். அவரவர் வேலை அவரவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, குழந்தையிடம் ஒரே தடவை கேளுங்கள் என்றுதான் யாருக்கும் சொல்லவில்லை.

விளைவு? அம்மாவிடம் சொன்னதை மகளிர் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். அப்புறம் டாக்டரிடம், நலக் குழுவிடம், நடுவரிடம் (மாஜிஸ்திரேட்), கடைசியில் கோர்ட்டில். எட்டு வயதுப் பிள்ளை ஸ்டேஷனில் "ஸ்கூல் விட்டு வந்ததும்" என்கிறது. டாக்டரிடம் "டிவி பாக்கும்போது" என்கிறது. நடுவரிடம் "இருட்டினப்புறம்" என்கிறது. பல நாள் நடந்த கொடுமையில் மூன்றுமே உண்மையாக இருக்கலாம். குறுக்கு விசாரணையிலோ அது முரண்பாடு ஆகிவிடுகிறது. குழந்தை பொய் சொல்லவில்லை ஐயா. ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்டது நாம்.

புறக்கணிப்பு வழக்குகளின் நிலைமை இன்னும் மோசம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் பிரிவு 75 அதையும் குற்றம் என்கிறது. ஆனால் காயம் இல்லாத பிள்ளையைப் பார்த்துப் போலீஸ் என்ன எழுதும்? எடை குறைவது அங்கன்வாடி ஊழியருக்குத் தெரியும். வராத நாட்கள் டீச்சரின் பதிவேட்டில் இருக்கும். ராத்திரி வீட்டில் யாரும் இல்லை என்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். இதையெல்லாம் ஒரு மேஜையில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பிள்ளையின் நிலைமை புரியும்.

இது நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹன்ட்ஸ்வில் ஊரில் 1985இலேயே இப்படி ஒரு மையம் வந்துவிட்டது. ஐஸ்லாந்தில் 1998 முதல் போலீஸ், டாக்டர், குழந்தை நல ஊழியர் எல்லோரும் ஒரே வீட்டுக்கு வருகிறார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் குழந்தையிடம் பேச, மற்றவர்கள் வேறு அறையிலிருந்து கவனிக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், ஹைதராபாத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவ 2016இல் தொடங்கிய பரோசா மையத்தைப் போய்ப் பாருங்கள். நம் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது: மாவட்டம்தோறும் சிறப்புச் சிறார் காவல் பிரிவில் இரண்டு சமூகப் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 107.

சரி, சட்டத்தில் என்ன வேண்டும்? ஒவ்வொரு மாவட்டத்திலும் பெயர் குறிப்பிட்ட ஒரு குழு, பயிற்சி பெற்ற ஒரு நேர்காணலாளர், ஒளிப்பதிவு, அதைப் பாதுகாக்கும் முறை, தனி நிதி. மாதம் ஒரு முறை கூடிக் கையெழுத்துப் போட்டுக் கலையும் கமிட்டியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அப்படிப்பட்டவை ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருப்பதால் திருத்தம் கொண்டுவர உங்களுக்கு அதிகாரம் உண்டு. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தேவைப்பட்டால் கேட்டு வாங்குங்கள். அடுத்த கூட்டத்தொடரிலேயே மசோதாவை வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு துணை நபர்