ஈரம் காயவைத்தவர்களுக்கு நன்றி

கோத்தகிரி வட்டாரத்துப் பெற்றோருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், எங்கள் மாணவர்களின் சுடுமண் கண்காட்சிக்குக் கைகொடுத்த அனைவருக்கும் வணக்கம்.

கண்காட்சி நல்லபடியாக நடந்து முடிந்துவிட்டது. மழை பெய்த அந்த இரவு, பிள்ளைகள் செய்து வகுப்பறையில் வைத்திருந்த சுடாத மண் எருமைகள் நனைந்துபோனதையும், மறுநாள் காலையில் பிள்ளைகள் எப்படி நின்றார்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அதை மீண்டும் எழுத மனம் வரவில்லை. அதன்பின் நடந்தவற்றுக்காகவே இந்த மடல்.

முதல் நன்றி வர்க்கி பிஸ்கட் போடும் பேக்கரி அண்ணனுக்கு. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனாலும் ஊருக்குத் தெரியும். பள்ளிக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தேநீர் குடிக்க நின்ற இடத்தில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது காதில் விழ, மாலை வேலை முடிந்து தணலை வாரிய பிறகும் விறகு அடுப்பின் செங்கல் விடியும்வரை சூடு விடாது என்றும், அதன் பக்கத்திலுள்ள தட்டுப் பலகைகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் அவராகவே சொன்னார். மேலே காய்ந்து உள்ளே ஈரமாயிருக்கும் மண் உருவத்தை நெருப்பில் வைத்தால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி அதை உடைத்தெறிந்துவிடும்; அவசரமாகக் காயவைத்தாலோ, மெல்லிய கொம்பும் காலும் முந்திக் காய்ந்து, தடித்த உடலோடு சேரும் இடத்தில் வெடிப்பு விடும். இதை விளக்க நான் வாயெடுக்கும் முன்பே, மாவு மேலே தோல் கட்டாமலிருக்க மூடும் ஈரத்துணியைக் கிழித்து, ஒவ்வோர் எருமையின் கொம்பிலும் சுற்றிக்கொண்டிருந்தார். இரவில் எழுந்து உருவங்களைத் திருப்பி வைத்ததும் அவரே. “கன்னத்துல வச்சுப் பாருங்க டீச்சர், சில்லுன்னு இருந்தா உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம்” என்று சொல்லி, குளிர்ச்சி முழுவதும் போகும்வரை ஒன்றையும் வெளியே கொண்டுபோக விடவில்லை. கூலி பற்றிப் பேசியதற்குக் கோபித்துக்கொண்டார்.

அந்த எருமைகளுக்கு ஏன் இத்தனை பாடு என்று சிலர் கேட்டீர்கள். நீலகிரியின் முதல் ஆணையராயிருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் 1870-களின் தொடக்கத்தில் இம்மலைகளிலுள்ள பண்டைய ஈமக் கல்வட்டங்களைத் தோண்டியபோது, எருமை முதலிய உருவங்கள் அமர்ந்த சுடுமண் பானை மூடிகள் கிடைத்தன. நம் ஊர்ப் பொருள்களைப் பார்க்க நம் பிள்ளைகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அதனால்தான் அவற்றைத் தங்கள் கைகளாலேயே செய்து பார்க்கட்டும் என்று தொடங்கினோம். தோடர்கள் எருமை வளர்ப்பவர்கள் என்ற ஒரு வரியைப் பாடத்தில் படித்துத் தேர்வில் எழுதிவிடலாம். மண்ணில் கொம்பு வைக்கும்போதோ அது எந்தப் பக்கம் வளையும் என்று தெரிந்தாக வேண்டும். சமவெளி எருமையின் கொம்பைப் பலரும் வைத்திருக்க, தோடர் குடியிருப்பான மந்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் ஒவ்வொரு மேசையாகச் சென்று, பக்கவாட்டில் அகன்று விரிந்து நுனி மேலே வளையும்படி அவற்றைத் திருத்தினான். அதுவரை வகுப்பில் வாய் திறவாதவன் அவன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பத்துப் பேத்தி ஒருத்தி, தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டையும் கொழுந்துக் கூடையையும் செய்து எருமைகளுக்கு அருகிலேயே வைத்துவிட்டாள். திட்டத்தில் அது இல்லை. எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

இம்மலைப் பழங்குடியினரான கோத்தர்களிடையே மட்பாண்டம் பெண்களின் கலை. அந்தப் பாட்டிமார் மண்ணை மிதித்துப் பதமாக்கக் கற்றுக்கொடுத்ததோடு, மழை விட்ட ஒரு நாளில் உருவங்களைத் தங்கள் ஊரிலேயே சுட்டும் தந்தார்கள். கோணியும் தார்ப்பாயும் கொடுத்த வீட்டாருக்கும், ஜீப்பில் பொறுமையாக ஏற்றிச்சென்ற ஓட்டுநருக்கும், இரவில் துணையிருந்த பெற்றோருக்கும், படுகர் ஊர்களிலிருந்து பழைய மண்பானைகளை இரவல் தந்தவர்களுக்கும் என் வணக்கம்.

அடுத்த ஆண்டு இந்த வேலையை மழைக்காலத்தில் தொடுவதாக இல்லை. உறைபனியும் ஈர மண்ணுக்கு ஆகாது. எனவே பனி விலகும் பிப்ரவரியில் தொடங்கி, கோடைமழைக்கு முன் சுட்டு முடித்துவிடுவோம். முதலில் வேகும் எருமை மூடி பேக்கரிக்குப் போகும். அதை வாங்கிக்கொள்வதாக அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரவல் வாங்கிய பானைகளும் தட்டுகளும் கோணிகளும் கழுவிக் காயவைத்துத் தலைமையாசிரியர் அறையில் இருக்கின்றன. நீல வண்ணத் தார்ப்பாய் யாருடையதென்று தெரியவில்லை. உரியவர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியை