ஏலகிரி மலையேற்றம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் போன வாரத்திலிருந்தே வீட்டில் நச்சரித்துக்கொண்டிருப்பார்கள். ஆமாம், உண்மைதான். பிப்ரவரி 7, 8 (சனி, ஞாயிறு) தேதிகளில் ஏலகிரிக்குப் போகிறோம். சனிக்கிழமை பயணம், ஞாயிறு காலை சுவாமிமலை உச்சிக்கு நடை, இரவு கடலூர் திரும்பிவிடுவோம்.

இந்தச் சுவாமிமலை கும்பகோணத்துப் பக்கம் இருப்பது அல்ல. ஒரு மாணவியின் பாட்டி முருகனுக்கு அர்ச்சனை செய்யச் சொல்லிப் பணம் முடிந்து அனுப்பியிருந்தார், அதனால் சொல்கிறேன். இது ஏலகிரியில் இருக்கும் உயரமான சிகரம். மங்கலம் என்ற ஊரிலிருந்து காட்டுப் பாதையில் ஏற வேண்டும்.

ஏன் இந்தத் தேதி என்று பலர் கேட்டீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை, புயல் பயம். மார்கழியில் அரையாண்டுத் தேர்வு. தைப்பூசத்துக்கு நம்மில் பாதிப் பேர் வடலூரில் இருப்போம். பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக் காலம் என்று மலைப்பாதைகளை வழக்கமாக மூடிவிடுவார்கள். மிஞ்சுவது இந்த ஒரு வாரம்தான்.

தீ என்றதும் உங்கள் மனதில் குரங்கணி வந்திருக்கும். எனக்கும் வந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் காட்டில் நடந்த அந்த விபத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதே ஆண்டில்தான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்துறையிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அனுமதிக் கடிதம் கைக்கு வந்தால்தான் பஸ் கிளம்பும். யார் பையிலும் தீப்பெட்டி இருக்கக் கூடாது. உச்சியில் சிறு கோயில் இருக்கிறதே என்று கற்பூரம் கொடுத்து அனுப்பாதீர்கள். பாட்டிகளும் மன்னிக்க வேண்டும்.

சரி, ஏற்றம் எவ்வளவு கடினம்? சிகரம் 1,300 மீட்டருக்கு மேல். ஆனால் அதில் பெரும்பகுதியை பஸ்ஸே ஏறிவிடும். நடக்க வேண்டிய மிச்சத்தை மூன்று கிலோமீட்டர் தூரம், 300 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக் கணக்குப் போட்டோம். இதற்கு 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன வழி ஒன்று உண்டு. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அப்படிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்தக் கணக்கு நல்ல நடையாளிகளுக்கு. 42 பிள்ளைகள் ஒற்றை வரிசையில் போகும்போது ஒருவர் ஷூ கயிறு கட்டினால் பின்னால் எல்லோரும் நிற்பார்கள். ஆகவே இரண்டரை மணி நேரம் வைத்திருக்கிறேன். காலை ஆறரைக்குப் புறப்படுகிறோம்.

பத்து மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிடுவோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி. "இவ்வளவு தூரம் போயும் மேலே கூட்டிப்போகவில்லையா" என்று பிறகு கேட்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறு ஒரு மலையில், "இன்னும் பத்து நிமிஷம் சார்" என்ற பிள்ளைகளின் பேச்சை நம்பி மேலே போனேன். இறங்கும்போது இருட்டிவிட்டது. இருந்ததோ ஒரே டார்ச். ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகி, முறை வைத்துத் தூக்கி வந்தோம். அன்று அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

இன்னொரு சிக்கல், நம் பிள்ளைகள் கடலோரத்துப் பிள்ளைகள். ஏற்றம் என்றால் திருவந்திபுரத்து மலைப்படிதான் தெரியும். அதனால் வரும் மூன்று சனிக்கிழமைகளிலும் காலையில் பயிற்சி நடை. முதல் வாரம் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில், அடுத்த வாரம் கேப்பர் மலைச் சரிவில், மூன்றாவது வாரம் திருவந்திபுரத்தின் அந்த 74 படிகளை ஐந்து முறை ஏறி இறங்க வேண்டும். மூன்றில் இரண்டுக்காவது வராதவர்களை மலைக்குக் கூட்டிப்போக மாட்டேன். சிபாரிசுடன் வர வேண்டாம்.

புது ஷூ வாங்காதீர்கள், குதிகால் கொப்பளித்துவிடும். பழகிய ஷூவே போதும், அடிப்பகுதி தேய்ந்திருக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறு டிகிரி வெப்பம் குறையும். விடியற்காலையில் நம் பிள்ளைகள் நடுங்கிவிடுவார்கள். ஸ்வெட்டர் கட்டாயம். நடைக்கு வேர்க்கடலை உருண்டை கொடுங்கள். சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். சத்தம் கேட்டாலே குரங்கு வந்துவிடும்.

பஸ்ஸில் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல், திருவண்ணாமலை, திருப்பத்தூர் வழியாக. மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். தமிழாசிரியர் ஒவ்வொரு வளைவிலும் கேள்வி கேட்கப்போவதாக மிரட்டியிருக்கிறார். பாரிக்கு வருவதற்குள் வாந்தி எடுக்கக்கூடிய பிள்ளைகளின் பெயரை முன்கூட்டியே சொல்லுங்கள், முன் இருக்கை தருகிறோம்.

இழுப்பு, வலிப்பு, பூச்சிக்கடி ஒவ்வாமை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். "தெரிந்தால் சேர்க்க மாட்டார்கள்" என்று பிள்ளைகளே மறைப்பதுண்டு. சேர்ப்போம், தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. இன்ஹேலர் இருந்தால் ஒன்று பிள்ளையிடமும் இன்னொன்று உடற்கல்வி ஆசிரியரிடமும் இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கு அந்த நாட்களாக இருந்தால் உடன் வரும் மூன்று ஆசிரியைகளில் ஒருவரிடம் சொன்னால் போதும். தேவையானதை நாங்களே எடுத்து வருகிறோம்.

கட்டணம் ரூ. 1,450. முடியாதவர்கள் என்னை நேரில் பாருங்கள், மற்றவர்களுக்குத் தெரியாது. இணைப்பில் உள்ள ஒப்புதல் சீட்டில் அம்மாவோ அப்பாவோ கையெழுத்திட்டு, முதல் பயிற்சி நடைக்கு முன்பாக வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும். அண்ணன் போட்ட கையெழுத்து எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்