கரே-கரேயில் தேங்காய்ப்பாலா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு சமையல் பக்கத்தில் 'நம்ம ஊர் கறிக்குழம்புதான் பிலிப்பைன்ஸ் போய் கரே-கரே ஆனது' என்ற வரியைப் படித்ததும் கையிலிருந்த காபி ஆறிப்போனது. மணிலாவில் பதினோரு வருடம் குடித்தனம் நடத்தியவன் நான். கரே-கரே என்பது அங்கே மாட்டு வாலும் வேர்க்கடலையும் போட்டு வைக்கிற குழம்பு.

1762இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்தபோது மதராஸ் சிப்பாய்களும் போனார்கள், 1764இல் படை கிளம்பியபோது சிலர் மணிலாவுக்கு அருகே காயிந்தா என்ற ஊர்ப் பக்கம் தங்கிவிட்டார்கள். தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கரே-கரே அவர்கள் அடுப்பில் பிறந்தது என்பது பல கதைகளில் ஒன்று. கரே-கரே எங்களுடையது என்கிற பம்பாங்கா மாகாணத்தில் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்! இட்லி இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் நமக்குப் பொத்துக்கொண்டு வருகிறது.

சரி, கதையை விடுங்கள். நீங்கள் போட்ட செய்முறையில் தேங்காய்ப்பால், மிளகாய்த்தூள், கரம் மசாலா! எங்கள் பக்கத்து வீட்டு லோலா (பாட்டியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) காலையில் மாட்டு வாலை அடுப்பில் ஏற்றினால் மதியம்தான் இறக்குவார். வறுத்த வேர்க்கடலையையும் வறுத்த அரிசியையும் அரைத்து விட்டால் குழம்பு கெட்டிப்படும். நிறத்துக்கு அச்சுவேத்தே என்ற சிவப்புச் சாய விதை ஊறிய தண்ணீர். அப்புறம் வாழைப்பூ, கத்தரிக்காய், காராமணிக்காய், பெச்சாய் கீரை. உறைப்பே கிடையாது. உப்புக்கும் ருசிக்கும் பக்கத்தில் பகோஓங், அதாவது உப்பில் புளிக்கவைத்த கூனி இறால். ஒருமுறை ஆசையாக நான் ஒரு கரண்டி மிளகாய்த்தூள் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். லோலா ஒரு வாய் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லாமல் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

'மாட்டு வால்' என்று அச்சடிக்கவும் கூச்சம் போலிருக்கிறது, 'இறைச்சித் துண்டுகள்' என்று போட்டிருக்கிறீர்கள். போன வருடம் சினிகாங் என்ற அந்த ஊர்ப் புளிப்பு சூப்பை 'பிலிப்பைன்ஸ் ரசம்' என்றீர்கள். புளி இருந்தால் ரசமா? பன்றி இறைச்சியும் முள்ளங்கியும் மிதக்கிற ரசத்தை எந்த வீட்டில் பார்த்தீர்கள்? அப்போதும் எழுதினேன், வரவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கும். அந்த வாரம் ராசிபலன் ஒன்றரைப் பக்கம்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஏதாவது ஒரு மூலையில் 'தேங்காய்ப்பால் வேண்டாம்' என்று போடுங்கள், போதும். வாழைப்பூ என்பது வாழைத்தண்டு என்று அச்சாகியிருக்கிறது, முடிந்தால் அதையும்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
திருச்சி.