10,363 முறை: ஜோ தாமஸுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜோ தாமஸ் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து பார்க்கத் தொடங்கிய நாட்களில் என் கண் பந்தை விட்டு நகராது. பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ஆட்டம் என்று நினைத்திருந்தேன். உங்கள் பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்த பிறகுதான் அது மாறியது. இப்போதெல்லாம் பந்து எங்கே போனாலும் போகட்டும் என்று 73ஆம் எண் சட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் இடம் லெஃப்ட் டாக்கிள். பந்தை வீசுகிறவர் குவார்ட்டர்பேக். வலக்கைக்காரரான அவர் பந்தை வீசத் திரும்பியதும் இடப்பக்கம் அவருக்கு முதுகுப்புறமாகிவிடும். அந்தப் பக்கத்திலிருந்து பாய்ந்து வருகிறவர் அவர் கண்ணில் படமாட்டார். அவரை மறிப்பதுதான் உங்கள் வேலை. எதிராளி முன்னோக்கி ஓடி வருவார். நீங்களோ சுமார் 140 கிலோ உடம்போடு பின்னோக்கி நகர்ந்துகொண்டே அவருக்குக் குறுக்கே நிற்க வேண்டும். பிடித்து இழுக்கவும் கூடாது. இழுத்தால் நடுவர் மஞ்சள் கொடியை வீசி, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி உங்கள் எண்ணை அறிவிப்பார். ஒழுங்காக மறித்தபோதெல்லாம் அந்த எண்ணை யாரும் சொல்வதில்லை.

2007இல் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் விழா நியூயார்க்கில் நடந்தபோது, அங்கே போகாமல் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி உங்களை மூன்றாவது ஆளாக எடுத்த செய்தி படகுக்கே வந்தது. அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும்.

முதல் வருடம் பத்து வெற்றி, ஆறு தோல்வி. அப்படியும் பிளேஆஃப் என்னும் இறுதிச் சுற்றுகளில் ஆட இடம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு வெற்றி தோல்வியை மிஞ்சிய வருடமே வரவில்லை. நீங்கள் ஆடிய 167 ஆட்டங்களில் அணி வென்றது 48. பதினொரு வருடத்தில் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட இல்லை. உங்களுக்குப் பின்னால் 20 குவார்ட்டர்பேக்குகள் மாறினார்கள். ஒருவர் பந்தைச் சட்டென்று வீசிவிடுவார், இன்னொருவர் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். அவர் நிற்கும் ஒவ்வொரு நொடியும் உங்கள் தலையில்தான் விழும். இத்தனைக்கும் நடுவில், முதல் பத்து வருடமும் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌலுக்குத் தேர்வானீர்கள். 2011இல் இன்னும் ஏழு வருடத்துக்கு அதே அணியில் கையெழுத்தும் போட்டீர்கள்.

பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப். அப்படித் தொடர்ந்து 10,363 ஸ்னாப்புகள், ஒன்றுகூட விடாமல். இந்த எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதற்குள் ஒளிந்திருக்கும் ஸ்னாப்புகள்தான் முக்கியம். நான்காவது கால்பகுதி, இருபது புள்ளி பின்னால், பனிக்காலம், பாதி அரங்கம் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கும். ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அப்போதும் முதல் ஸ்னாப்புக்கு நின்ற அதே நிலை, அதே கால் அசைவு. அந்த நேரத்தில் கொஞ்சம் தளர்ந்திருந்தால் யார் கவனித்திருப்பார்கள்? ஆனால், பின்னால் நிற்கும் பையனுக்கு அப்போதும் முதுகு முதுகுதானே. உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுதான்: அந்தக் கடைசி நிமிடங்களுக்காகவே உங்களைப் பெரிய வீரர் என்கிறேன்.

2023 ஆகஸ்டில் கேன்டன் நகரில், கால்பந்துப் புகழ் மண்டபத்தின் மேடையில் ஒல்லியாக நின்றீர்கள். ஓய்வு பெற்றதும் இருபது கிலோவுக்கு மேல் குறைத்தீர்களாமே. ஆடிய காலத்து எடையைத் தக்கவைக்க எத்தனை வருடம் பசியில்லாமல் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

2017 அக்டோபர் 22ஆம் தேதி டென்னஸி டைட்டன்ஸ் ஆட்டத்தின் பதிவும் என்னிடம் இருக்கிறது. பிரவுன்ஸ் 16 ஆட்டங்களிலும் தோற்ற வருடம் அது. பந்தை ஏந்தி ஓடும் சாதாரணமான நகர்வு ஒன்றில் உங்கள் இடக்கையின் டிரைசெப்ஸ் தசை கிழிகிறது. கையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறீர்கள். அப்புறம் எழுந்து வெளியே நடக்கிறீர்கள். அடுத்த ஸ்னாப்புக்கு உங்கள் இடத்தில் வேறொருவர் வந்து குனிகிறார். பதிவை நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அன்புடன்,
உங்கள் ரசிகர் ஒருவர்