தாத்தா நாற்காலியின் மூக்கு

அன்புள்ள நண்பா,

சௌக்கியமா? உன் கடிதத்துக்குப் பதில் போட ஒரு மாதமாகிவிட்டது, கோபிக்காதே. வேலூரில் பங்குனியிலேயே அனல் பறக்கிறது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, மற்றபடி சுகம்.

வாலாஜா வீட்டைப் பாகம் பிரித்துவிட்டோம். "இதை யார் தூக்கிக்கொண்டு போவது" என்று எல்லோரும் ஒதுக்கிய தாத்தாவின் கை வைத்த நாற்காலி என் பங்குக்கு வந்தது. ராணிப்பேட்டை பங்களா ஏலத்தில் அவர் ஜோடியாக எடுத்தது. கைப்பிடி நுனியில் சிங்கத்தலை இருக்குமே, அதன் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டுதான் நீ கதை கேட்பாய். ஏதோ ஒரு பொங்கலுக்கு யாரோ அதற்குக் காப்பிக் கலர் எனாமல் அடித்து, பிரம்பை அறுத்துவிட்டு பிளாஸ்டிக் ஒயர் பின்னியிருந்தார்கள்.

நான் அதைவிடப் பெரிய முட்டாள்தனம் செய்தேன். ஒரு பாலிஷ் கடையில் கொடுத்தேன். மெஷின் வைத்துத் தேய்த்ததில் இடது சிங்கத்தின் பல் மழுங்கிவிட்டது. பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் ஆற்காட்டுப் பக்கம் வயதான ஆசாரி ஒருவர் கிடைத்தார். பெயிண்டைப் பொறுமையாக எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பொட்டலத்தில் தோய்த்து, நாள் விட்டு நாள் பூசினார். பார்த்தால் ஈட்டி மரம்! கருஞ்சிவப்பில் கறுப்பு ரேகை ஓடுகிறது. இத்தனை வருஷம் தேக்கு என்றே நினைத்திருந்தோம். "தூக்கும்போதே கனம் சொல்லலையா?" என்றார். கவிழ்த்துப் போட்டுக் காட்டினார்: ஒரு திருகாணி கிடையாது. ஒரு கட்டையின் முனையில் செதுக்கிய கழுந்தை அடுத்த கட்டையின் துளையில் இறக்கி மர ஆணி அடித்திருக்கிறார்கள். பிரம்பை ஊறவைத்து நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என்று ஓட்டைக்கு ஓட்டை பின்னியும் கொடுத்தார். நம் ஊர் வெயிலுக்கு எந்த மெத்தையும் இதற்கு ஈடாகாது.

விஷயம் அதுவல்ல. பெயிண்ட் போனதும் அந்த முகத்தைப் பார்த்து அவர் சிரித்தார். "சிங்கம்னு யாருங்க சொன்னது?" உருண்டு பிதுங்கிய கண், கடைவாயில் கோரைப்பல், மூக்கின் மேல் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சுருள். தும்பிக்கை! மறுநாளே கோட்டைக்குப் போய், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். 16ஆம் நூற்றாண்டு யாளிகள், அதே கண். நாற்காலி செய்யச் சொன்ன வெள்ளைக்காரத் துரை ஒரு சிங்கப் படத்தைக் காட்டியிருப்பார். சிங்கத்தைக் கண்ணால் பார்க்காத தச்சர் சின்ன வயதிலிருந்து பார்த்ததைச் செதுக்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு முகமும் ஒன்றுபோல் இல்லை, வலது பக்கத்துக்குப் பிடரியில் ஒரு சுருள் கூட.

கால் மட்டும் அச்சு அசல் இங்கிலாந்து. நகம் உருண்டையைப் பற்றிய பாதம், 18ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய மோஸ்தர். முத்தைப் பற்றிய சீன டிராகனிலிருந்து வந்தது என்பார்கள். நம் கோயில் யாளிக்கு உருண்டை வாயில் இருக்கும். தச்சர் இதைக் காலில் வைக்கச் சொன்னபோது என்ன நினைத்தாரோ!

ஜோடியில் மற்றதை உன் அப்பா கேட்டு வாங்கிப்போனாரே, அது இன்னும் திருச்சி வீட்டில் இருக்கிறதா? இருந்தால் மூக்கைத் தடவிப் பார்த்து எழுது. பெயிண்ட் அடித்திருந்தாலும் பரவாயில்லை, பாலிஷ் கடைக்கு மட்டும் அனுப்பிவிடாதே.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்